அசுகா வந்ததால் டீம் கெட்டுப்போகவில்லை



இந்தப் பதிவு கொஞ்சம் நீளம். காபி போட்டுக்கொண்டு வந்து உட்காருங்கள். விஷயம் ஒரு ஜப்பானியக் கார்ட்டூன். "டீச்சருக்கு ரிடையர் ஆன பிறகு பொழுது போகவில்லை போல" என்று நினைப்பவர்கள் நினைத்துக்கொள்ளலாம். அது உண்மையும்கூட.

கல்லூரியில் முதல் வருடம் படிக்கும் என் பேத்தி லீவுக்கு வந்தபோது 'நியான் ஜெனிசிஸ் எவாஞ்சலியன்' என்ற தொடரைப் போட்டாள். 26 பகுதிகளையும் சேர்ந்தே பார்த்தோம். அதைப் பற்றிக் குடும்பக் குழுவில் இரண்டு வரி எழுதினேன். உடனே என் அண்ணன் மகன் பதில் போட்டான்: "அத்தை, அந்த சிவப்பு முடிப் பொண்ணு வர்ற வரைக்கும் டீம் நல்லா இருந்துச்சு. அவ திமிர்தான் எல்லாத்தையும் கெடுத்துச்சு." என்னிடம் படித்த இன்னொரு பையன், இப்போது சென்னையில் ஒரு கம்பெனியில் டீம் லீடராக இருப்பவன், கிட்டத்தட்ட இதையே போனில் சொன்னான். இருவருமே புத்திசாலிகள். ஆனாலும் இந்த விஷயத்தில் நான் அவர்கள் பக்கம் இல்லை. ஏன் என்பதை இரண்டு வரியில் சொல்ல முடியாததால்தான் இந்தப் பதிவு.

கதை தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக. முடிவு வரைக்கும் சொல்லிவிடுவேன், பார்க்க நினைப்பவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள்.

1995 அக்டோபர் முதல் 1996 மார்ச் வரை ஜப்பானில் டிவி டோக்கியோவில் வந்த தொடர் இது. இயக்குநர் ஹிதேயாகி அன்னோ. 'ஏஞ்சல்' என்று பெயர் வைக்கப்பட்ட பூதாகரமான உயிர்கள் ஒவ்வொன்றாக வந்து ஊரைத் தாக்குகின்றன. அவற்றை எதிர்க்க 'ஈவா' என்ற ராட்சத இயந்திரங்கள் இருக்கின்றன. அவற்றை ஓட்ட 14 வயதுப் பிள்ளைகளால் மட்டும்தான் முடியும். ஷிஞ்ஜி என்று ஒரு பையன். அப்பாவால் சின்ன வயதிலேயே கைவிடப்பட்டு, தேவை வந்ததும் திரும்ப அழைக்கப்பட்டவன். ரெய் என்று ஒரு பெண். அதிகம் பேசமாட்டாள், சொன்னதைச் செய்வாள். எட்டாவது பகுதியில் ஜெர்மனியிலிருந்து அசுகா வருகிறாள். அந்த வயதிலேயே பல்கலைக்கழகப் படிப்பை முடித்தவள், சிறு வயதிலிருந்தே பயிற்சி பெற்றவள், வாய்த்துடுக்கு அதிகம்.

இந்த மாதிரி ரோபோ கதைகளில் புதிய ஆள் வருவது புதிதல்ல. 1972-இல் வந்த 'மஸிங்கர் இசட்' காலத்தில் ஒரு ரோபோ, ஒரு நாயகன். 1974-இல் 'கெட்டர் ரோபோ' வந்தபோது மூன்று பேர் சேர்ந்து ஓட்டினார்கள். அதில் ஒருவன் இறந்துபோக, அடுத்த வருடத் தொடரில் அவன் இடத்துக்கு வேறொருவன் வந்தான். 1981-இல் ஐந்து சிங்க ரோபோக்கள் சேரும் 'கோலயன்' தொடரிலும் ஒரு ஓட்டுநர் இறந்ததும் இளவரசி அந்த இடத்துக்கு வந்தாள். (அமெரிக்கர்கள் அதை 'வோல்ட்ரான்' என்று மாற்றி வெளியிட்டபோது இறந்தவனை ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டதாகக் கதை கட்டிவிட்டார்கள். நல்ல மனசு.) அந்தக் கதைகளில் எல்லாம் புதிய ஆள் ஒரு காலி நாற்காலியை நிரப்ப வருவார். முதலில் கொஞ்சம் உரசல், பிறகு ஒட்டிக்கொள்வார்.

எவாஞ்சலியனில் அப்படியில்லை. அசுகாவுக்கென்று காலி நாற்காலி எதுவும் இல்லை. முக்கியமாக, அவள் வந்து கெடுப்பதற்கு அங்கே ஒரு டீமும் இல்லை.

முதல் ஏழு பகுதிகளை யோசித்துப் பாருங்கள். ஷிஞ்ஜியும் ரெய்யும் ஒன்றாக வேலை செய்தது ஒரே ஒரு சண்டையில். ஆறாவது பகுதியில் அவன் குறிபார்த்துச் சுட, அவள் கேடயம் பிடிப்பாள். அந்தக் கடைசிக் காட்சி மனதைத் தொடும், மறுக்கவில்லை. ஆனால் அதற்கு முன்னும் பின்னும் அவர்கள் இரண்டு தனித்தனித் தீவுகள். பள்ளியில் ஒரே வகுப்பு, பேச்சு கிடையாது. சத்தம் இல்லாத வகுப்பறையை ஒழுங்கான வகுப்பறை என்று நினைக்கும் ஆட்களை எனக்கு நிறையத் தெரியும். வராந்தாவில் நடந்து போகும்போது எட்டிப் பார்த்து, "உங்க கிளாஸ் ரொம்ப நல்ல கிளாஸ் டீச்சர்" என்பார்கள். அந்த வகுப்பில் பக்கத்து பெஞ்சுக்காரன் பெயர் தெரியாத பிள்ளைகள் இருப்பார்கள். ஷிஞ்ஜி, ரெய் இருவரின் அமைதியும் அந்த ரகம்தான்.

இப்போது அசுகா வரும் பகுதி. கடலில், ஒரு விமானந்தாங்கிக் கப்பலின் மேல்தளத்தில் அறிமுகம். வந்த வேகத்தில் மூன்று பையன்களுக்கும் ஆளுக்கொரு அறை. சற்று நேரத்தில் கடலுக்குள்ளிருந்து ஏஞ்சல் வருகிறது. தன் திறமையை நேரில் பார்க்கட்டும் என்று ஷிஞ்ஜியையும் இழுத்துக்கொண்டு தன் சிவப்பு ஈவாவுக்குள் ஏறுகிறாள். அந்த இயந்திரம் மனத்தால் ஓடுவது. அவள் ஜெர்மன் மொழியில் யோசிக்கிறாள், இவன் ஜப்பானிய மொழியில் யோசிக்கிறான். இயந்திரம் மக்கர் பண்ணுகிறது. ஜெர்மனில் யோசி என்கிறாள். அவனுக்குத் தெரிந்த ஒரே ஜெர்மன் வார்த்தை ஒரு கேக்கின் பெயர்!

பேத்தி விழுந்து விழுந்து சிரித்தாள். நானும் சிரித்தேன். ஆனால் அடுத்து நடப்பதைப் பாருங்கள். அசுகா அலுத்துக்கொண்டே இயந்திரத்தின் மொழியை ஜப்பானியத்துக்கு மாற்றுகிறாள். திமிர் பிடித்தவள் என்று நீங்கள் சொல்லும் அந்தப் பெண், வந்து ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை, தான் பழகிய மொழியை விட்டு மற்றவன் மொழிக்கு வந்துவிட்டாள். அவன் அவள் பக்கம் ஓர் அடிகூட எடுத்து வைக்க வேண்டியிருக்கவில்லை. பிறகு இருவரும் ஒரே நினைப்பை நினைத்து ஏஞ்சலின் வாயைத் திறக்கிறார்கள். இயந்திரத்தோடு ஓட்டுபவரின் மனம் எவ்வளவு ஒத்துப்போகிறது என்பதை ஓர் எண்ணாகச் சொல்வார்கள். அதற்கு 'சிங்க் ரேட்' என்று பெயர். அந்தச் சில விநாடிகளில் அது பழைய சாதனையைத் தாண்டியது என்று அதிகாரிகள் பிறகு பேசிக்கொள்கிறார்கள். இந்த எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், இதனிடம் திரும்பி வருவேன்.

ஒன்பதாவது பகுதி ஆரம்பத்தில் அவள் பள்ளியில் ரெய்யைத் தேடிப்போகிறாள். நண்பர்களாக இருப்போம் என்கிறாள். ஏன் என்று கேட்கிறாள் ரெய். அதுதான் பல விதத்தில் வசதி என்கிறாள் இவள். உத்தரவு வந்தால் இருக்கிறேன் என்பது ரெய்யின் பதில். மூன்று பேரில் கை நீட்டியது யார் என்று அண்ணன் மகன் யோசித்துப் பார்க்கட்டும்.

அந்தப் பகுதியில் வரும் ஏஞ்சலை அசுகா இரண்டாக வெட்டுகிறாள். அது இரண்டு ஏஞ்சல்களாக எழுந்து நிற்கிறது. இரண்டு ஈவாக்களும் தலைகீழாகக் குத்தி நிற்கும் அளவுக்குத் தோல்வி. ஏஞ்சல் உடம்பு தேறி வருவதற்கு ஆறு நாள் அவகாசம். இரண்டையும் ஒரே நொடியில் தாக்கினால்தான் சாகும். அதனால் அசுகாவும் ஷிஞ்ஜியும் ஒரே வீட்டில் தங்கி, ஒரே இசைக்கு ஒரே மாதிரி ஆடப் பழக வேண்டும். 62 விநாடி நடனம். அவர்களுக்குப் பொறுப்பான அதிகாரி மிசாட்டோ வீட்டில்தான் பயிற்சி.

பயிற்சி சரியாக வரவில்லை. அவள் வேகத்துக்கு அவன் ஆட முடியவில்லை, அவன் வேகத்துக்கு இறங்க அவளுக்கு மனமில்லை. அப்போது மிசாட்டோ ஒரு காரியம் செய்கிறாள். வேடிக்கை பார்க்க வந்திருந்த ரெய்யைக் கூப்பிட்டு, எல்லார் முன்னாலும் ஷிஞ்ஜியோடு ஆடச் சொல்கிறாள். ரெய் ஒரு தவறும் இல்லாமல் ஆடிக் காட்டுகிறாள். பேசாமல் ரெய்யையே போட்டுவிடலாம் போலிருக்கிறதே என்கிறாள் மிசாட்டோ. அசுகா வெளியே ஓடிவிடுகிறாள்.

முப்பது வருடம் வகுப்பில் நின்றவள் என்ற முறையில் சொல்கிறேன், அந்த இடத்தில் எனக்கு எழுந்து டிவியை நிறுத்தலாம் போல இருந்தது. "இவளைப் பார், ஒரே தடவையில் செய்துவிட்டாள்" என்று நாலு பேர் நடுவே ஒரு பிள்ளையை இன்னொரு பிள்ளையோடு ஒப்பிடுவது, அந்த நிமிடத்துக்கு வேலை செய்யும். ரோஷம் வந்து படிக்கும், மார்க்கும் வரும். அந்த மார்க்கை மட்டும் பார்ப்பவர்களுக்கு இந்த முறை ரொம்பப் பிடிக்கும். ஆனால் அதற்குப் பிறகு அந்தப் பிள்ளை ஒப்பிடப்பட்ட மற்றவளை எப்படிப் பார்க்கும்? அசுகா, ரெய் இருவருக்கும் நடுவே கடைசிவரை இருந்த கசப்புக்கு முதல் விதை அந்த அறையில் விழுந்தது என்பேன். விதைத்தது அசுகா இல்லை.

ஷிஞ்ஜி தேடிப் போகிறான். அதுவும் தானாகப் போகவில்லை, வகுப்புத் தலைவி அதட்டிய பிறகுதான். ஒரு கடையில், குளிர்பானம் வைத்திருக்கும் கண்ணாடிப் பெட்டியின் முன்னால் குந்தியிருக்கிறாள். அவன் ஏதோ சொல்ல வாயெடுக்கிறான், அவள் ஒன்றும் பேசாதே என்கிறாள். அவனும் பேசவில்லை. பிறகு சாண்ட்விச்சைக் கடித்துக்கொண்டே தானாகவே சொல்கிறாள், செய்து காட்டத்தான் வேண்டும் என்று. யாரும் அறிவுரை சொல்லவில்லை, யாரும் சமாதானப்படுத்தவில்லை. ஒருவன் வந்து பக்கத்தில் நின்றான், அவ்வளவுதான். அது போதுமானதாக இருந்தது. 62 விநாடியும் பிசகில்லாமல் ஆடி முடிக்கிறார்கள். (முடித்த கையோடு போனில் ஊரே கேட்கச் சண்டை போட்டுக்கொள்கிறார்கள். அது ஆரோக்கியமான சண்டை.)

இதற்குப் பிறகு வரும் மூன்று பகுதிகளை "சும்மா ஜாலிக்காகப் போட்டது" என்று சில ரசிகர்கள் ஒதுக்குகிறார்களாம். என்னைக் கேட்டால் தொடரின் உயிரே அங்கேதான் இருக்கிறது.

பத்தாவது பகுதியில் அசுகா எரிமலைக் குழம்புக்குள் இறங்க வேண்டும். அதற்கு முன்னால் ஷிஞ்ஜி வீட்டுப்பாடமாக வெப்ப விரிவு பற்றிப் படித்துக்கொண்டு தடுமாறுகிறான், அவள் கேலி செய்கிறாள். பிறகு எரிமலைக்குள் ஏஞ்சலோடு போராடும்போது அதே பாடம்தான் கைகொடுக்கிறது. குளிர்விக்கும் திரவத்தைக் கொதிக்கும் ஏஞ்சலின் மேல் பாய்ச்சுகிறாள். என்னிடம் இயற்பியல் படித்தவர்கள், சூடான கண்ணாடி டம்ளரில் பச்சைத் தண்ணீர் ஊற்றினால் என்ன ஆகும் என்று நான் எத்தனை முறை கேட்டிருப்பேன் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். அதே பகுதியில் இன்னொன்று: பல்கலைக்கழகம் முடித்த அசுகா பள்ளிப் பரீட்சையில் குறைந்த மார்க் வாங்கியிருப்பாள். பாடம் தெரியாததால் இல்லை, கேள்வித்தாளில் இருக்கும் கஞ்சி எழுத்துகளைப் படிக்கத் தெரியாததால். (இது நாம் குடிக்கும் கஞ்சி இல்லை, சீனத்திலிருந்து வந்த ஜப்பானிய எழுத்து.) புதிதாக வந்த பிள்ளையை நம் ஊர்க் கேள்வித்தாளால் அளந்தால் கிடைப்பது அந்தப் பிள்ளையின் அளவா, நம் கேள்வித்தாளின் அளவா? கடைசியில் ஈவாவைத் தாங்கும் கயிறு அறுந்து அவள் விழும்போது, ஷிஞ்ஜி பாதுகாப்பு உடை எதுவும் இல்லாத தன் ஈவாவோடு அந்தக் குழம்புக்குள் குதித்து அவளைப் பிடிக்கிறான்.

பதினோராவது பகுதியில் ஊர் முழுக்க மின்சாரம் போய்விடும். மூன்று பேரும் காற்றுக்குழாய்க்குள் தவழ்ந்து ஈவாக்களிடம் போகிறார்கள். தலைவி நான்தான் என்று அசுகா தானே அறிவித்துக்கொள்கிறாள், வழி தப்பாகக் காட்டுகிறாள், கேட்டால் ஒப்புக்கொள்வதில்லை. எல்லாம் சரி. ஆனால் சண்டை என்று வந்ததும், மேலிருந்து கொட்டும் அமிலத்தைத் தன் ஈவாவின் முதுகில் தாங்குவது யார்? அவளே கேட்டு வாங்கிக்கொண்ட வேலை அது. எரிமலையில் அவன் செய்ததற்கு ஈடு. கீழே விழுந்த துப்பாக்கியை ரெய் எடுத்துக் கொடுக்கிறாள், ஷிஞ்ஜி சுடுகிறான். முடிந்ததும் மூன்று பேரும் மலைச்சரிவில் மல்லாந்து படுத்து, விளக்கில்லாத ஊருக்கு மேலே நட்சத்திரம் பார்க்கிறார்கள். ரெய் அங்கே தானாக வாய் திறந்து பேசுகிறாள்! மனிதர்கள் இருட்டுக்குப் பயந்து நெருப்பைத் துணைக்கு வைத்துக்கொண்டது பற்றி. முதல் ஏழு பகுதிகளில் இந்தக் காட்சியைக் கற்பனை செய்ய முடியுமா? புதிதாக வந்தவள் கூச்சல் போட்டுப் போட்டு அந்த ஊமை வீட்டில் பேச்சைக் கொண்டுவந்தாள்.

பன்னிரண்டில் விண்வெளியிலிருந்து விழும் ஏஞ்சலைக் கையாலேயே தாங்க வேண்டும். ஒருவன் தாங்க, ஒருத்தி கிழிக்க, ஒருத்தி குத்த, மூன்று பேர் இல்லாமல் அது நடந்திருக்காது. ஜெயித்தால் நல்ல மாட்டிறைச்சி விருந்து தருவதாக மிசாட்டோ சொல்லியிருந்தாள். பிள்ளைகளோ தெருவோர ராமென் நூடுல்ஸ் கடைக்குக் கூட்டிப்போகச் சொல்கிறார்கள். ரெய் இறைச்சி சாப்பிடமாட்டாள், மிசாட்டோவின் பர்சும் காலி. இரண்டுக்கும் அதுதான் பொருத்தம். நாலு பேரும் பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். தொடர் முழுக்கத் தேடிப் பார்த்தேன். இதைவிட நிறைவான ஒரு குடும்பப் படம் அதில் இல்லை.

பிறகு எப்படிக் கெட்டது?

பதினாறாவது பகுதி. சோதனை ஒன்றில் ஷிஞ்ஜியின் சிங்க் ரேட் அசுகாவைத் தாண்டிவிடுகிறது. மிசாட்டோ மைக்கில் அவனைப் பாராட்டி, நீதான் நம்பர் ஒன் என்று அறிவிக்கிறாள். அசுகாவும் அதைக் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறாள். அவ்வளவுதான் சம்பவம். அடுத்த ஏஞ்சல் வரும்போது, அதுவரை பின்னால் நின்று பழகிய பையன் நான் முன்னால் போகிறேன் என்கிறான். மற்ற இருவரும் இடத்துக்கு வந்து சேரும் முன்பே சுடுகிறான். தரையில் விரிந்த நிழல் அவனை விழுங்கிவிடுகிறது. எண் ஏறியவனுக்கு ஒரு விதமாகவும் இறங்கியவளுக்கு இன்னொரு விதமாகவும் தலை சுற்றிற்று. சில பகுதிகளுக்கு முன்னால் ராமென் கடையில் தோளோடு தோள் உட்கார்ந்திருந்த பிள்ளைகள்தான் இவர்கள்.

இந்த எண்ணைப் பற்றி அறிவியல் டீச்சராக ஒன்று சொல்ல வேண்டும். பத்தொன்பதாவது பகுதியில் ஷிஞ்ஜியின் சிங்க் ரேட் 400 சதவீதத்தைத் தொட்டிருக்கும். உள்ளே போய்ப் பார்த்தால் பையனைக் காணோம்! கரைந்துபோய்விட்டான். வெறும் உடுப்பு மட்டும் மிதக்கிறது. வரலாறு காணாத மதிப்பெண், பிள்ளை மட்டும் இல்லை. இயக்குநர் அதை என்ன நினைத்து வைத்தாரோ, நான் அந்தக் காட்சியை எந்தப் பெற்றோருக்கும் போட்டுக் காட்டத் தயார்.

தமிழ்நாட்டில் பொதுத்தேர்வு முடிவு வரும்போது மாநில முதலிடம், இரண்டாமிடம் என்று அறிவிப்பதை 2017-இல் நிறுத்தினார்கள். அப்போது என் சக ஆசிரியர்களிலேயே பலர், "போட்டி இல்லாவிட்டால் பிள்ளை எப்படிப் படிக்கும்?" என்று கேட்டார்கள். நான் அந்த முடிவை வரவேற்றவள். காரணம் இருக்கிறது.

பல வருடங்களுக்கு முன், நான் வேலை பார்த்த பள்ளிகளில் ஒன்றில், ஒன்பதாம் வகுப்பில் நவம்பர் மாதம் ஒரு பெண் வந்து சேர்ந்தாள். அப்பாவுக்கு மாற்றல். பழைய பள்ளியில் எப்போதும் முதல் இடம். இங்கே ஏற்கெனவே ஒரு முதல் இடக்காரன் இருந்தான். அந்தப் பள்ளியில் மாதத் தேர்வு ரேங்க்கைப் பிரேயரில் மைக்கில் வாசிப்பார்கள். வேண்டாம் என்று நான் சொன்னது எடுபடவில்லை. இரண்டு மாதம் வாசித்தார்கள். அந்தப் பெண் கை தூக்குவதை நிறுத்தினாள், அந்தப் பையன் யாருக்கும் நோட்டுக் கொடுப்பதை நிறுத்தினான். மைக் என் கையில் இல்லை, ஆய்வகம் என் கையில் இருந்தது. இருவரையும் தனி ஊசல் சோதனைக்கு ஒரு ஜோடியாகப் போட்டேன். ஒருவர் அலைவுகளை எண்ண வேண்டும், ஒருவர் நிறுத்துக் கடிகாரத்தை அழுத்த வேண்டும். ஒருவர் கவனம் பிசகினாலும் இருவரின் அளவும் தப்பு. மூன்று வகுப்பு இருவரும் ஒருவரையொருவர் குறை சொன்னார்கள். நாலாவது வகுப்பில் சேர்ந்து என்னைக் குறை சொன்னார்கள், கடிகாரம் பழசு என்று. பிறகு பிரச்சினை இல்லை. அந்த இருவரும் இதைப் படிக்கக்கூடும், அதனால் இத்தோடு விடுகிறேன்.

எவாஞ்சலியனின் பெரியவர்களுக்கு இந்த வித்தை தெரியாது என்று சொல்ல முடியாது. ஆறு நாள் அவகாசத்தில் நடனம் சொல்லிக் கொடுத்தவர்கள்தானே அவர்கள்? "போர்க்காலம், பிள்ளைகளின் மனசைப் பார்க்க நேரமேது" என்று நம் டீம் லீடர் வாதிடுகிறான். நடனம் ஆடியதும் போர்க்காலத்தில்தானப்பா. ஏஞ்சலைக் கொல்ல ஒற்றுமை தேவைப்பட்டபோது அதற்கு நேரம் ஒதுக்கினார்கள். தேவை தீர்ந்ததும் மறுபடி எண்களைப் பார்க்க உட்கார்ந்துவிட்டார்கள்.

அசுகாவின் எண் விழ ஆரம்பிக்கிறது. இருபத்திரண்டாவது பகுதியில் அவளும் ரெய்யும் ஒரு லிஃப்டில் நிற்கிறார்கள். ஏறக்குறைய ஒரு நிமிடம் படத்தில் எதுவும் அசையாது, லிஃப்டின் சத்தம் மட்டும். பிறகு ரெய், நீ மனதைத் திறக்காவிட்டால் ஈவா அசையாது என்கிறாள். உண்மைதான். ஆனால் யார் வாயிலிருந்து வந்திருக்கக் கூடாதோ அவள் வாயிலிருந்து வருகிறது. அசுகா அறைந்துவிடுகிறாள், பொம்மை என்று திட்டுகிறாள். அந்தப் பெண்ணின் அம்மா சித்தம் கலங்கி, ஒரு பொம்மையைத்தான் மகள் என்று கொஞ்சினாள், கடைசியில் உயிரை விட்டாள் என்பது அதே பகுதியில் நமக்குத் தெரியவருகிறது. ஓட்டுநராகத் தேர்வான செய்தியை அம்மாவிடம் சொல்ல ஓடிவந்த குழந்தைதான் அதை முதலில் பார்த்தது. நம்பர் ஒன் என்பது அந்தக் குழந்தைக்கு என்னவாக இருந்தது என்று இப்போது புரிகிறதா? அதைப் போய்த் திமிர் என்கிறீர்கள்.

அதற்குப் பிறகு அவளை யாரும் தேடிப் போகவில்லை. ஏஞ்சலின் ஒளி அவள் மனதைக் குத்திக் கிழிக்கும்போது, ஷிஞ்ஜி போகிறேன் என்கிறான், அவன் அப்பா தடுத்துவிடுகிறார். ஒன்பதாவது பகுதியில் கடைக்குத் தேடிப்போக அதட்டிய வகுப்புத் தலைவி மாதிரி ஒரு குரல் அந்தத் தலைமையகம் முழுக்க இல்லை. கடைசியில் ஒரு பாழடைந்த வீட்டின் குளியல் தொட்டியில் அசையாமல் கிடக்கிறாள். அதே பகுதியில் அவள் இயந்திரத்துக்கு மாற்று ஆளாக கவோரு என்ற புதுப் பையன் வந்துவிடுகிறான். சிங்க் ரேட்டை அவன் விருப்பம் போல வைத்துக்கொள்வான். அந்தக் கணக்கே அவனிடம் செல்லாது! ஷிஞ்ஜியிடம் ஒரு கணக்கும் பார்க்காமல் உன்னை எனக்குப் பிடித்திருக்கிறது என்று சொன்னவன் அவன் ஒருவன்தான். அவன்தான் கடைசி ஏஞ்சல் என்று பிறகு தெரிகிறது. மனிதப் பிள்ளைகளுக்குக் கிடைக்காத பரிவை எதிரியின் வாயிலிருந்து வரவைத்த அந்த இயக்குநரின் மேல் எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை.

நடுவில் டோஜியும் வந்தான். நாலாவது ஓட்டுநராக, அவர்கள் வகுப்புப் பையன். அவன் சேர்ந்திருக்கிறான் என்று ஷிஞ்ஜிக்கு மட்டும் யாரும் சொல்லவில்லை. சொல்வது கஷ்டமாக இருந்ததாம். முதல் நாளே அவன் ஓட்டிய ஈவாவை ஏஞ்சல் பிடித்துக்கொண்டு, ஷிஞ்ஜியின் ஈவாவே அதை நொறுக்குகிறது. உள்ளே யார் என்பது அவனுக்குப் பிறகுதான் தெரிகிறது. அந்தப் பகுதியைப் பற்றி இதற்கு மேல் எழுதப் பிடிக்கவில்லை.

ஆனால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இதே இயக்குநர் 2009-இல் இந்தக் கதையைத் திரைப்படமாக மறுபடி எடுத்தார், அதில் இரண்டாவது படம். அதே லிஃப்ட், அதே இரண்டு பெண்கள். அசுகா அறையக் கை ஓங்குகிறாள். இந்த முறை ரெய் அந்தக் கையைப் பிடித்துவிடுகிறாள். பிடித்த கையிலும், ஓங்கிய கையிலும் விரல்களில் பிளாஸ்திரி. இருவருமே ஆளுக்குத் தெரியாமல் ஆள் சமையல் பழகிக்கொண்டிருந்ததில் வந்த காயம். ரெய் எல்லாரையும் ஒரு நாள் சாப்பாட்டுக்குக் கூப்பிட ஏற்பாடு செய்கிறாள். அதே நாளில் புதிய ஈவாவின் சோதனை வருகிறது. அவள் விருந்து நிற்கக்கூடாது என்று அசுகா அந்தச் சோதனைக்குத் தானாகப் போகிறாள். டோஜிக்கு நேர்ந்தது அங்கே இவளுக்கு நேர்கிறது என்பது வேறு துயரம். ஆனாலும் 13 வருடம் கழித்து அந்த மனிதர் அந்த லிஃப்டுக்குத் திரும்பிப் போய், அந்த அறையை நிறுத்தியிருக்கிறார்.

பார்க்க விரும்புகிறவர்களுக்கு: தொடர் 2019 முதல் நெட்ஃபிளிக்ஸில் வந்தது. பத்தாம் வகுப்புக்குக் கீழே படிக்கும் பிள்ளைகளுக்குப் போட்டுவிட்டு அடுப்படிக்குப் போய்விடாதீர்கள், பிற்பாதி அவர்களுக்கானது இல்லை. பெரிய பிள்ளைகளோடு சேர்ந்து உட்கார்ந்து பாருங்கள். முதல் இரண்டு பகுதி புரியவில்லை என்றால் கவலைப்படாதீர்கள், எனக்கும் புரியவில்லை, எட்டு வரைக்கும் பொறுத்துக்கொள்ளுங்கள். கடைசி இரண்டு பகுதி யாருக்கும் புரியாது என்று பேத்தி சொன்னாள். எனக்கு ஓரளவு புரிந்தது, அதைப் பற்றிச் சண்டை போட வருபவர்கள் ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு மேல் போன் பண்ணவும். அதற்கு முன்னால் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருப்பேன்.

அன்புடன்,
உங்கள் சயின்ஸ் டீச்சர்